டின் பாலும் பழைய சோறும்

பதுளைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை. அதன் பின்னாலேயே வீடு. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் மடியில் பிள்ளை இல்லை. பகலெல்லாம் பேச ஆளில்லாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அப்போதுதான் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய மூன்று வயது மகளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து என்னிடம் விட்டார்கள். அழுதேன். கூடவே சந்தோஷமும் பட்டேன், அதை மறைப்பானேன்.

டவுன் பிள்ளையாக வளர்த்துக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். காலையில் டின் பால், கொஞ்ச நேரத்தில் பிஸ்கட், அப்புறம் நெய் விட்ட பருப்புச் சோறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் இடுப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடியே விழுங்கும். இவளோ வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், மிளகாய் சுற்றிப் போட்டேன். பிள்ளை துரும்பாக இளைத்துப் போனாள்.

"கடையில உள்ளது அத்தனையும் குடுத்தாச்சு, இன்னும் என்னா வேணுமாம்?" என்றார் வீட்டுக்காரர். "இப்பிடியே போனா அவ அப்பங்கிட்டயே அனுப்பிற வேண்டியதுதான்."

அன்று ராத்திரி முழுக்க அவளை அணைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் உச்சிவேளையில் அவள் பின்வாசலில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்தவள்தானே! அங்கே பகல் வேலையை நிறுத்தக் கொம்பு ஊதி, அம்மா மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்தால்தான் சோறு. அதுவரை யார் எதை நீட்டினாலும் வாங்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். டவுன் சோறு தின்று அது எனக்கு மறந்தே போயிருந்தது.

பழைய சோற்றில் தேங்காய்ச் சம்பலைப் பிசைந்தேன். கொழுந்து பறிக்கிறவள் போல இடுப்பில் சாக்கைக் கட்டி, கடையிலிருந்த வெங்காயக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். அவள் கூடையைத் தொட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உருண்டை உருண்டையாக வாங்கித் தின்றாள். இனி இவள் என் பிள்ளைதான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பாதியில் என் கையைத் தள்ளினாள்.

"ஏன் தங்கம், போதுமா?"

"மிச்சம் அம்மாவுக்கு," என்றாள். "ஒங்க கூடை வந்துருச்சு சின்னம்மா. அம்மா கூடை எப்ப வரும்?"

மறுநாளும் கூடையை மாட்டிக்கொண்டேன். அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் உள்ளே போன பிறகு, பின்வாசலில் தனியாக உட்கார்ந்து, அக்காவின் பங்கை நான் தின்றேன்.