கண்ணி கழற்றாத மணிக்கூடு

அண்ணை வீட்டுப் படலையடியில் வான் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் செய்வது, தன் இடக்கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் மாட்டுவதுதான். கனடாவிலிருந்து அச்சுவேலி வரைக்கும் அவருடைய கையிலேயே வந்த புது மணிக்கூடு. பெட்டியில் வைத்தால் தொலைந்துபோகும், கையில் கட்டியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பது வெளிநாட்டிலிருந்து வருகிற எங்களவர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த உலோகச் சங்கிலி அவருடைய உடற்சூட்டோடு என் தோலில் படும். அடுத்த கணம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போகும். "என்னடா தம்பி, சாப்பிடுறேல்லையோ?" என்பார். ஒவ்வொரு வரவிலும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வரும்.

மணிக்கூடு சேர்ப்பது என் விருப்பமாக ஒருநாளும் இருந்ததில்லை. அண்ணை கொண்டுவந்தவை போக, லண்டன் மச்சான் தந்தவை, சுவிஸிலிருந்து தங்கை அனுப்பியவை என்று அலுமாரி லாச்சி தானாகவே நிறைந்தது. தந்தவர் வீட்டுக்கு வரும்போது அவர் தந்தது என் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேநீர் ஆறும் முன்பே "நான் தந்தது எங்கை?" என்ற கேள்வி வந்துவிடும். மனைவி ஒவ்வொன்றிலும் தந்தவர் பெயரை எழுதி நூலால் கட்டிவைத்தாள். யாராவது வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்தால் நான் பற்றரி மாற்ற யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவேன். கட்டாமல் கிடந்தவை நின்றுபோயிருக்கும். சிலவற்றில் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். மாரி தொடங்கினால் தோற்பட்டிகளில் பூஞ்சணம். இத்தனையையும் பராமரித்துக்கொண்டு, நேரம் பார்க்க நான் எடுப்பது கைத்தொலைபேசியைத்தான்.

ஒருமுறை துணிந்து ஒன்றைக் குறைத்தேன். அண்ணை முன்பு எப்போதோ தந்ததை, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வருடக் கோயில் தேருக்கு அண்ணை வந்திருந்தார். வடம் பிடிக்கும்போது அவருக்கு நேர் முன்னால் பிடித்து நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர். வீதி சுற்றி முடியும்வரை அண்ணையின் கண்ணுக்கு முன்னால் அந்த மணிக்கூடு ஆடிக்கொண்டே போயிருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டில் இருக்கும்போதுதான் வாய் திறந்தார்: "உன்ரை கையிலை நிண்டுபோய்க் கிடந்தது, அந்தாளின்ரை கையிலை நல்லா ஓடுது." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அடுத்த வரவில் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "ஒண்டு உனக்கு. மற்றது நீ ஊருக்குக் குடுக்க."

போன மார்கழியில், கனடாவில் விடியற்காலையில் வேலைக்குப் போகிறபோது, பனி உறைந்த வீதியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் விழுந்தவர்தான் அண்ணை. எழும்பவில்லை. செத்தவீட்டை மகளின் கைத்தொலைபேசியில் பார்த்தோம். வேட்டி கட்டி, நெற்றியில் நீறு பூசி, இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார்கள். இடக்கை வெறுமையாக இருந்தது. அதைவிட்டு என் கண் அகலவில்லை. பிறகொருநாள் அண்ணியிடம் கேட்டேன். "அவர் இஞ்சை ஒருநாளும் மணிக்கூடு கட்டினதில்லைத் தம்பி. பாண் பேக்கரி வேலையெல்லோ, மாவுக்கை கை வைக்கிறவை கையிலை ஒண்டும் கட்டக்கூடாது. ஊருக்கு வரேக்கை மட்டும்தான் கட்டுவார்" என்றார். இன்றைக்கும் வீட்டில் யாராவது கொஞ்சம் பிந்தி வந்தால் நான் படலையடிக்குப் போய் நிற்கிறேன்.

மகளுக்கு, கனடாவில் அண்ணை இருந்த நகரத்திலேயே பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. "அவளை அனுப்பு, நான் எயார்போட்டிலை நிப்பன்" என்று சொன்னவர் அண்ணைதான். இப்போது யார் நிற்பார்கள்? அவள் பயணத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் நான் எழும்பிப் போய் லாச்சியைத் திறந்தேன். மணிக்கூடுகளைக் குறைக்க வேண்டும், அது முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். குறைந்தபாடில்லை. கொடுக்க எடுத்து வைப்பேன், பின்னேரம் திரும்ப உள்ளே வைப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டினாள். லண்டன், சுவிஸ் எல்லாம் ஒரு பக்கம் போயின. அண்ணையுடையவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், அவர் கடைசியாகக் கொண்டுவந்தது மிஞ்சியது.

"அதை விடு" என்றேன்.

"சங்கிலியிலை கண்ணி கழட்டேல்லையே அப்பா! கட்டக்கூடியதை எல்லாம் குடுத்துப்போட்டு, கட்ட ஏலாததை வச்சிருக்கப் போறியளோ?"

"கொப்பா குறைக்கிறது உப்பிடித்தான்" என்று மனைவி குசினிக்குள் இருந்து மகளுக்குச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணை கடையில் தன் கையில் கட்டிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் வாங்கியிருக்கிறார். நான் ஒவ்வொன்றையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியில் இரண்டு மூன்று கண்ணி கழற்றி என் அளவுக்கு ஆக்கினேன். கழற்றிய கண்ணிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இது ஒன்றுதான் நேரமில்லாமல் தப்பியது. அண்ணையின் கை எவ்வளவு பருமன் என்பது இனி இந்தச் சங்கிலிக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் அதைத் தன் கையில் போட்டு மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கிட்டப் போய் நின்றது.

"பெரியம்மா எயார்போட்டுக்கு வாறனெண்டு சொன்னவ. இதைக் கட்டிக்கொண்டு போகட்டோ, அப்பா?"

மனைவி குசினி வாசலுக்கு வந்தாள். நான் பாயில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினேன்.

"கண்ணியைக் கழட்டிப்போடாதை" என்றேன்.

"அப்ப, நான் போகலாமோ?"

"கண்ணியைக் கழட்டாதை எண்டெல்லோ சொன்னனான்."

"பயணம் வரைக்கும் நீங்களே வச்சிருங்கோ" என்று அதைக் கழற்றி என் கையில் மாட்டினாள். சங்கிலி சூடாக இருந்தது. வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போனது.

"என்னப்பா, சாப்பிடுறேல்லையோ?" என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது.