அந்தப் பெரியவர் சாவாரா?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அவளைக் கண்டதும் பாதிப் பேருக்கு முகம் சுண்டிவிடும். குழந்தைகள் கதவைப் பிடித்துக்கொண்டு அழும். ஊசிக்காரி என்று பெயர் வைத்ததும் அந்தக் குழந்தைகள்தான். அவளோ நரம்பைத் தேடும்போதே எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவள் படிப்பதும் சிரிப்புக் கதைகள்தான். அட்டையில் குடையோ பூனையோ இருக்கும். உள்ளே ஒருத்திக்கு வேலை போகும், காதலன் கழற்றிவிடுவான், அவள் எங்கோ போய் ஒரு கேக் கடை வைத்து எப்படியோ கரையேறிவிடுவாள்.

“இதையெல்லாம் மனுஷி படிப்பாளா? முதல் பக்கத்துலயே முடிவு தெரிஞ்சுடுதே,” என்பாள் கூட வேலை பார்ப்பவள்.

“தெரிஞ்சுதான்டி படிக்கிறேன்.”

நாள் முழுக்க முடிவு தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டில் மட்டும் அவள் சிரிப்பு செல்லுபடியாகவில்லை. மாமியார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாமனாருக்கு ரத்தம் எடுத்தது அவள்தான், ரத்தப் புற்றுநோய் என்ற முடிவை முதலில் பார்த்ததும் அவள்தான். சொல்ல வாய் வரவில்லை. “கொஞ்சம் ரத்தசோகைதான் அத்தை, கீரை சாப்பிட்டா சரியாயிடும்,” என்று பூசி மெழுகிவிட்டாள். மாமியாரும் நம்பி, அவர் கண்ணை மூடும்வரை கீரையாகச் சமைத்துப் போட்டார்.

உண்மை தெரிந்தபோது அவர் சண்டை போடவில்லை. “தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் கேட்டதையெல்லாம் செஞ்சு போட்டிருப்பேனே,” என்று மகனிடம் சொன்னார். அதோடு சரி. பிறகு எல்லாமே மகன் வழியாகத்தான். “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சு.” பொண்டாட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் ஒரு கொண்டை ஊசி இருந்தது. அவளுடையது கிராப்புத் தலை. வீட்டில் கொண்டை போடுபவர் மாமியார் ஒருவர்தான். மறுநாள் ஊசி நகர்ந்திருந்தது. ஊசிக்காரி மூச்சு விடவில்லை, புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவைக்கத் தொடங்கினாள். சீக்கிரமே ஊசி அவளை முந்திவிட்டது. ஒரு தடவை சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாமியார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊசி ஒரே பக்கத்தில் நின்றுவிட்டது. அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

ஒரு விடுமுறை நாள் காலை, மகன் வெளியே போயிருந்த நேரம், மாமியார் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“அந்தக் கேக் கடை மாடியில இருக்காரே பெரியவர், இருமிக்கிட்டே இருக்கார்.” ஊசி நின்ற பக்கத்தைத் திறந்து காட்டினார். “சாவாரா?”

இந்தக் கதைகளில் யாரும் சாகமாட்டார்கள் அத்தை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீரை நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“தெரியல அத்தை. நான் இன்னும் அவ்வளவு தூரம் வரல. பாத்துச் சொல்லட்டுமா?”

“பாரு. எதுவா இருந்தாலும் சொல்லணும்.”

கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். நரம்பைத் தேடுகிற விரல் வரிகளில் பெரியவரைத் தேடியது.

“இருக்கார் அத்தை! அந்தப் பொண்ணு கல்யாணத்துல கேக்கைத் திருடித் தின்னு மாட்டிக்கிறார்.”

மாமியார் நம்பிவிடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து வரிவரியாகத் தானே படித்தார்.

“திருட்டுக் கிழவன்,” என்றார்.

பிறகு கொண்டை ஊசியைப் பழைய இடத்திலேயே செருகி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ எது வரைக்கும் வந்திருக்கே?” என்று நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.