நடுநிலையாக்கலுக்கு இரண்டு மதிப்பெண்

சலவைச் சோடாத் தண்ணீர் பட்ட கையில் ஆசிட் ஊற்றலாமா என்று என் மாணவி என்னிடம் முன்பே கேட்டிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்? "கூடாது, குழாயைத் திற" என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

நான் வேதியியல் படித்தவள். மகளுக்கு மூன்று வயது என்பதால் வேலைக்குப் போகாமல், மாலையில் ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பத்தாம் வகுப்புப் பெண்கள் ஐந்து பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்களில் ஒருத்தியின் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும், அதுவே நடுநிலையாக்கல் என்று எழுதிப்போட்ட அன்று, உதாரணம் கேட்டேன். சாயக்காரர் மகள்தான் கையைத் தூக்கினாள்.

"மிஸ், எங்கப்பா நூல்ல பசை போறதுக்கு சோடாத் தண்ணீல வேக வெப்பாரு. கையில எடுத்தா வழவழன்னு இருக்கும். கடைசியா ஆசிட் கொஞ்சூண்டு ஊத்தன தண்ணீல முக்கினா வழவழப்பு போயிடும். அதுவும் இதானா?"

"இது எந்த கைடுலயும் இல்லடி! பரீட்சையில இதையே எழுது."

"அப்ப நாளைலேர்ந்து சாயப்பட்டறையிலயே டியூஷன் வெச்சிக்கலாம் மிஸ்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தோம். கைதட்டச் சொன்னதும் நான்தான். 'கொஞ்சூண்டு' என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல்லை நான் பலகையில் எழுதவில்லை.

நடுநிலையாக்கலில் வெப்பம் வெளிப்படும் என்பதை அடுத்த வாரம் நடத்தினேன். அது வேறு பாடம், வேறு இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டையும் சரியாகத்தான் நடத்தினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க வைக்கவில்லை.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, அப்பா வெளியே போயிருந்த நேரம் அவள் பட்டறையில் நூலை எடுத்துக்கொண்டிருந்தாள். சோடாத் தண்ணீர் வலது கையில் தெறித்தது. ஆறிப்போன தண்ணீர்தான். குழாயில் கழுவியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கை வழவழத்ததும் அவளுக்கு என் பாடம் நினைவுக்கு வந்திருக்கிறது. கேனில் இருந்த ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றிக்கொண்டாள்.

வெந்துபோன கையோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பத்து நாள் கழித்து அழைத்துவந்தார்கள். பார்க்கப் போனேன். விரல் நுனி வரை கட்டு.

அவள் அம்மா என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார். "பாருங்க மிஸ், படிச்சி இன்னா பிரயோஜனம்? சின்னக் கொழந்தகூட கைய தண்ணீல காட்டும். இது ஆசிட்ட தூக்கி ஊத்திகினு நிக்குது! ஏன்டி ஊத்தினன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. நீங்களாவது புத்தி சொல்லுங்க."

"தெரியாம செஞ்சிட்டா, விடுங்க" என்றேன்.

அவர் டீ போட உள்ளே போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்க பாடத்த நெனச்சிதான் ஊத்தினேன்னு நான் யார்ட்டயும் சொல்லல மிஸ்." பிறகு, "பரீட்சையில நான் சொல்லச் சொல்ல வேற ஒருத்தங்க எழுதுவாங்களாம். நடுநிலையாக்கல் வந்தா அந்த உதாரணத்தயே சொல்லலாமா?"

"சொல்லலாம்" என்றேன். மதிப்பெண் கிடைக்கும் அல்லவா.

வீட்டுக்கு வந்ததும் கழிவறை ஆசிட் பாட்டிலைப் பரண்மேல் ஏற்றினேன். மகளுக்கு எட்டாது என்று தெரிந்தும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். என் கணவர், "நீயா ஊத்தச் சொன்ன? விடு" என்கிறார். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் அவள் தினமும் முட்டாள் என்று திட்டு வாங்குகிறாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவள் அம்மாவோ இன்னும் என்னை நம்பி டியூஷனுக்கு அனுப்புகிறார்.

அவரிடம் உண்மையைச் சொன்னால் அவளுக்குத் திட்டு குறையுமா, அல்லது என் மனப்பாரம் மட்டும்தான் குறையுமா? அவள் எனக்காகக் காத்த மௌனத்தை நான் உடைக்கலாமா? படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், அம்மாக்கள் இருப்பீர்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது என்றும் எழுதுங்கள்.