தலைவலி ‘இயக்குநலி’ ஆன கதை

அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாள்களைப் பதினேழு வருடமாகப் பிழை பார்த்து வந்தவளை எல்லோரும் ‘கமா அக்கா’ என்றார்கள். பெயர் வைத்தவன் கணினி அறைக்காரன். அவனுக்கு அவள் மனதுக்குள் வைத்த பெயர் ‘மேதை’. ஒரே ஒரு கட்டளையைக் கற்றுக்கொண்டு உலகத்தையே விலைக்கு வாங்கியவன் போல் நடப்பவனை வேறெப்படிச் சொல்வது?

புதிதாக வந்த மேலதிகாரிக்குத் ‘தலைவர்’ என்று தன்னைச் சொல்வது பிடிக்கவில்லை. எல்லாக் கோப்புகளிலும் இனி ‘இயக்குநர்’தானாம். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு கோப்புகள்.

“ரெண்டு நிமிஷ வேலை அக்கா,” என்றான் மேதை. “‘தலைவர்’னு தேடினா ‘தலைவரை’, ‘தலைவருக்கு’ எல்லாம் விட்டுப்போகும். அதனால ‘தலைவ’னு மட்டும் குடுத்து ‘இயக்குந’னு மாத்திடுவேன். எப்படி?”

“மாத்துறதுக்கு முன்னாடி எங்கெங்க வருதுன்னு தேடிப் பாரு தம்பி. நகல் ஒண்ணு எடுத்து வச்சுக்கோ.”

“நீங்க கமாவைப் பாருங்கக்கா.”

கருப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நகலாவது மண்ணாவது!

மறுநாள் கூட்டத்தில் மேலதிகாரி நோயாளிகளுக்கான தாள் ஒன்றை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “கடுமையான இயக்குநலி இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும். இயக்குநாசலில் கூட்டம் கூட வேண்டாம்.” செவிலி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

தலைவலியும் தலைவாசலும் போன இடம் மேதைக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சுண்டிப்போனது. “இப்பவே திருப்பி மாத்திடுறேன் சார்!”

“அப்படியே திருப்பினா சாரும் மறுபடி தலைவர் ஆயிடுவார்,” என்றாள் கமா அக்கா. “எந்திரி.”

அவன் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். பழைய கணினிக் கையேட்டைப் படித்து இந்தக் கட்டளைகளை எப்போதோ கற்றிருந்தாள். கேட்க ஆளில்லாததால் சொல்லவில்லை. முதலில் நகல். பிறகு ‘இயக்குந’வுக்கு அடுத்து ‘ர’ வராத வரிகளை மட்டும் தேடினாள். அறுபத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் மாற்றினாள்.

மாலையில் சுற்றறிக்கை வந்தது: விரைந்து செயல்பட்ட கணினிப் பிரிவுக்குப் பாராட்டாம். அவள் பெயர் மருந்துக்கும் இல்லை. எழுத்துப் பிழைகள் மட்டும் நான்கு இருந்தன. சிவப்பு மையால் வட்டம் போட்டு மேலதிகாரியின் மேசைக்கே திருப்பி அனுப்பினாள்.