ஏழு கோடும் இருபத்தெட்டுக் கோடும்

போன வாரம் என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் ஒட்டினார்கள். வலிக்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் வலித்தது!

எனக்கு எழுதத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்ததுதானே? வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு நான் சொல்லச் சொல்லப் பேத்தி செல்வி எழுதுகிறாள். இந்த வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள் — தப்பு அவளுடையதாயிற்றே!

செல்வியின் காலேஜில் கண்காட்சி. மைக்ராஸ்கோப்பில் முடியின் தடிமனை அளந்து காட்டுவது அவள் வேலை. நானும் என் கொழுந்தன் பெண்டாட்டி பாண்டியம்மாவும் ஜெயமங்கலத்தில் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட் அவளுக்குத்தான் கிடைத்தது. எப்போதும் அப்படித்தான்...

எங்கள் மாமியார் பூ வாங்கினால் அவளுக்கு இரண்டு முழம், எனக்கு ஒரு முழம். "ஒன் எலிவாலுக்கு இது போதும்டி" என்பார். மாமியார் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்த ஒரு முழம் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

முதலில் பாண்டியம்மா முடி. மைக்ராஸ்கோப்புக்குள் ஸ்கேல் மாதிரி கோடுகள் தெரியுமாம். செல்வி எண்ணினாள் — இருபத்தெட்டு. அடுத்து என்னுடையது. கண்ணில் சிக்கவில்லை என்று லென்ஸை மாற்றித் தேடினாள்.

ஏழு!

"மாமியா அன்னைக்கே சொன்னாகள்ல அக்கா? இப்ப மிசினே சொல்லிருச்சு" என்றாள் பாண்டியம்மா. அதோடு விட்டாளா? ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போனில் தேவாரம் ஊரிலிருக்கும் சம்பந்தி வரைக்கும் சொல்லிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் கொண்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் செல்வி மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வையாத அப்பத்தா. டீச்சரு என்னைய வஞ்சுட்டாக. லென்ஸ மாத்துனா கோட்டோட அளவும் மாறிருமாம். நான் அதச் சரிபாக்காமயே சொல்லிட்டேன்."

"அதெப்பிடிடி கோடு மாறும்?"

"பூக்காரம்மா கை மாதிரி அப்பத்தா. குட்டக் கையில அளந்தா நாலு முழம், நெட்டக் கையில மூணு முழம். பூ ஒண்ணுதான?"

அட, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு போட்ட கண்ணாடி இருக்கிறதாம். அதை அடியில் வைத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு கோடு எவ்வளவு என்று பார்த்துக்கொண்ட பிறகே அளக்க வேண்டுமாம். பார்த்தால்... பெரிதாகக் காட்டும் பெரிய லென்ஸின் நாலு கோடு சேர்ந்துதான் சின்ன லென்ஸின் ஒரு கோடு! பாண்டியம்மாவை அளந்தது பெரிய லென்ஸ். என்னை அளந்தது சின்னது. இருபத்தெட்டை நாலு நாலாகப் பிரித்தால்?

அதே ஏழு!

செருப்புகூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானாக்கா?" முகம் சுண்டிப்போயிற்று அவளுக்கு. ஆனால் வாய்? "மொத்தம் எத்தன முடின்னு மிசினு எண்ணலயே..."

"அது கெடக்கட்டும். எனக்குக் கொறஞ்ச அந்த ஒரு முழத்த நீ வாங்கிக் குடு" என்றேன்.

சிரித்தாள். மறுநாள் நிஜமாகவே வாங்கி வந்து தந்தாள். என் கையில் அளந்தேன். முக்கால் முழம்தான்!

"பூக்காரிக்குக் குட்டக் கையிக்கா" என்றாள்.

இருக்கலாம். அன்றைக்கு அவள் கொண்டையில் இருந்த பூவை அளந்து பார்க்கத்தான் இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.