பாட்டு ஓடுது, சத்தம் வருகுதில்லை

பாட்டு ஒழுங்காகப் படித்தால் எங்களை ஒருவரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால்தான் என் நம்பர் ஞாபகம் வரும். வெள்ளவத்தையில் பக்திப்பாட்டு ஆப் ஒன்றுக்கு முறைப்பாடு கேட்கும் ஒரே ஆள் நான். வீட்டில் எல்லாருடைய போனும் உங்கள் தலையில்தான் விடியுமென்றால், என் கதி உங்களுக்கு விளங்கும். பொஸ் வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாதம் முடிய முறைப்பாடு குறையாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

பக்கத்து வீட்டுப் பக்தி

கடற்கரைப் பக்கத்து ஃபிளாட் அன்ரி ஒருவருக்கு முருகன் பாட்டு ஓடுகிறதாம், சத்தம் மட்டும் இல்லையாம். லேண்ட்லைனில் எடுத்திருந்தார். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், கூட்டினார். இன்னும் கூட்டச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ "ஐயோ, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்கு இவருடைய போனைத்தான் அவர்களுடைய ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணைத்தார்களாம். பிறகு ஒருவரும் கழற்றவில்லை. ஒரு கிழமையாக விடிய ஐந்து மணிக்கு அந்த வீட்டில்தான் முருகன் பாட்டு! கழற்றும் வழியைச் சொல்ல வாயெடுத்தேன், அன்ரி விடவில்லை.

"இருக்கட்டும் பிள்ளை, சனிக்கிழமை முழுக்க அவை போடுற பைலாப் பாட்டை நான் கேட்கிறன்தானே!"

செத்தவீட்டில் போன் கோல்

கொட்டாஞ்சேனையில் தகப்பனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மகனின் போன் சிவன் பாட்டுப் படிக்கிறது. இரண்டு வரி படிக்கும், நிற்கும். மனைவியின் போனில் எடுத்து என்மேல் சீறினார் மகன். ஆப்பில் ஒரு பழுதும் இல்லை. துக்கம் விசாரிக்க வெளிநாட்டிலிருந்து கோல்மேல் கோல். கோல் வந்தால் பாட்டு நிற்கத்தானே செய்யும்? பாவம், அழுதழுதுதான் ஏசினார். எனக்கும் மனம் கரைந்துவிட்டது. பாட்டை டவுன்லோட் பண்ணிவிட்டு பிளைட் மோடில் போடச் சொன்னேன்.

"பிளைட் மோடில போட்டா, லண்டன் அக்கா எப்பிடி வீடியோவில அழுறது, தங்கச்சி?"

பொஸ்ஸின் மூளை

மாதம் முடிந்தது, முறைப்பாடு முடியவில்லை. பொஸ் கூப்பிட்டார். இனி என் வேலையை ஆப்பே செய்யுமாம். பாட்டுக் கேட்கவில்லையா, ஒரு பட்டனை அமத்தினால் என்ன செய்வதென்று ஒரு குரல் சொல்லித்தருமாம். அந்தக் குரல் என்னுடையதாம்! குரல் வேணுமாம், ஆள் வேண்டாமாம். "சேர், சத்தமே வராதவைக்கு அந்தக் குரல் எப்பிடிக் கேட்கும்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அப்ப கொஞ்சம் சத்தமாக் கதைச்சு ரெக்கோட் பண்ணுங்கோ."

தொண்டை கிழியக் கத்திக் கொடுத்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினேன். இன்றைக்குக் கொழும்பில் எத்தனையோ போனில் என் குரல் இருக்கிறது, அது தேவைப்படுகிற ஒருவருக்கும்தான் கேட்கவில்லை.