மாமியார் சொன்ன ‘ம்’

டப்பிங் கூடத்தில் அவளை எல்லோரும் ‘மாமியார்’ என்றுதான் சொல்வார்கள். எதிரே வந்தால் ‘அம்மா’, முதுகு திரும்பினால் ‘மாமியார்’. அவளுக்கு இது தெரியாது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. முப்பத்தொன்பது வருடமாகக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பிழைக்கிறவளுக்கா கேட்காது? இத்தனைக்கும் பெற்றது ஒரே மகள்; அவளும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மருமகள் என்று ஒருத்தி அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனால் வேற்றுமொழிப் படங்களில் மருமகளை விரட்டுகிற, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்கிற, "என் பிள்ளைய மயக்கிட்டியேடி" என்று கூப்பாடு போடுகிற அத்தனை கிழவிகளுக்கும் தமிழில் குரல் இவள்தான்.

ஆரம்பம் அப்படி இல்லை. இருபது வயதில் கூட்டக் குரலுக்கு வந்தாள். படத்தில் ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று பத்துப் பேர் சலசலக்கிற இடங்களில் கூட நின்று சலசலப்பதுதான் வேலை. இரண்டே வருடத்தில் நாயகிக் குரலானாள். அழுதாள், சிணுங்கினாள், "போங்க" என்று ஆயிரம் தடவை சொன்னாள். இருபத்துமூன்றில் கல்யாணம், மாப்பிள்ளை பஸ் டிரைவர். அதற்குப் பிறகும் பத்து வருடம் சிணுங்கினாள். ஒருநாள் அண்ணி வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். "இந்த ஒரு படத்துக்கு மட்டும்" என்றார்கள். அண்ணியாகப் போனவள் திரும்பி வரவே இல்லை. அண்ணி அம்மாவானாள், அம்மா மாமியாரானாள். இப்போது வயது ஐம்பத்தொன்பது.

இப்போதெல்லாம் வயசானவர்கள் காதலிக்கிற சிரிப்புப் படங்களுக்கு ஒரு மவுசு வந்திருக்கிறதல்லவா? அதில் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஒரே அச்சுதான். அறுபது வயதுக்காரி கடையில் ஒருத்தர் மேல் மோதுவாள், பழமெல்லாம் உருளும். மகளோ மகனோ "இந்த வயசுல இது தேவையா?" என்று குதிப்பார்கள். நடுவில் ஒரு சண்டை, பிறகு மழையில் ஓட்டம். "மூட்டுவலிக்காரி எந்த ஊர்ல இப்படி ஓடுறா?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவாள். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பக்கத்தில் கணவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்.

அப்படி ஒரு படம் அவர்கள் கூடத்துக்கே தமிழாக்க வந்தது. அதில் அறுபது வயது நாயகி, புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆனவள், ரொட்டிக்கடை நடத்துகிறாள். மாடிக்குப் போகிற லிஃப்ட் பழுதாகிறது. சரிசெய்ய வருகிற பெரியவர் மூன்று மாதம் ஆகியும் சரிசெய்து முடிக்கவில்லை. முடித்துவிட்டால் அப்புறம் வரமுடியாதே!

ஆபீஸ் குமாஸ்தா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கே ஐஸ் தண்ணியை நிறுத்தினாள். காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். குளியலறையில் நின்று "போங்க" என்று சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் வந்தது. இந்த வேடம் தனக்குத்தான், வேறு எவளுக்குப் போகும் என்று நூறு சதவீதம் நம்பினாள். பாவி மனசு.

வேடம் கிளிக்குப் போனது.

கிளி என்பது கூடம் வைத்த பெயர். முப்பத்திரண்டு வயது, கீச்சுக்குரல், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அவளுக்கு நாயகி, இவளுக்கு மாடிவீட்டில் இருந்துகொண்டு "லிஃப்ட் எப்பத்தான் சரியாகும்?" என்று படம் முழுக்கப் புலம்புகிற கிழவி. டப்பிங்கைப் பார்த்துக்கொள்கிற டைரக்டர் தம்பி தலையைச் சொறிந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. லவ்வுன்னா காதுக்குக் கொஞ்சம் இளசா இருக்கணும்னு மேல சொல்றாங்க."

"அந்த நாயகிக்கு அறுபது வயசு தம்பி."

"முகத்துக்குத்தானேம்மா அறுபது? குரல் இளசா இருந்தா ஜனங்களுக்கு ஒரு இது இருக்கும்."

"என்ன இது?"

தம்பிக்கு அந்த ‘இது’ என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவளும் விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தட்டை ‘ணங்’கென்று வைத்தாள். "என்னாச்சு?" என்று கேட்ட கணவருக்கு, "ஒண்ணும் ஆகல, சாப்பிடுங்க" என்று விழுந்தது. மனுஷர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை, வயிறு எரிந்தது. கிளியின் புதுச் செருப்பு கூடத்து வாசலில் கிடந்தால் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனாள். அது "வணக்கம்மா" என்று வந்தால், "ம், நல்லாயிரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தன் புலம்பல் கிழவியை ஒரே காலைப்பொழுதில் பேசி முடித்துவிட்டாள். வீட்டுக்குப் போகலாம், போகவில்லை. ஒலிப்பதிவு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கதவுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் கிளி பேசுவதைக் கேட்டாள். மூன்று நாளும் இதே வேலை. ‘திக்கணும், தடுமாறணும், நாக்கு சுளுக்கணும்’ என்று உள்ளுக்குள் ஒரே வேண்டுதல். சொல்ல வெட்கம்தான், என்ன செய்வது, அப்படித்தான் வேண்டினாள்.

கிளி திக்கவில்லை. நன்றாகவே பேசியது. அதுதான் இன்னும் எரிந்தது.

மூன்றாம் நாள் மதியம் அந்தக் கட்டம் வந்தது. லிஃப்ட் கடைசியில் சரியாகிவிடுகிறது. பெரியவர் கருவிப் பெட்டியை மூடிவிட்டு ரொட்டிக்கடைக்குள் வருகிறார். நாயகி மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். அவர் கேட்கிறார்: "மிச்ச நாளெல்லாம் என்கூட இருப்பியா?" அவள் கை நிற்கிறது. அவரைப் பார்க்கிறாள். வாயைத் திறக்காமலேயே பதில் சொல்கிறாள். உதடு மூடியபடி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதுதான் படத்தின் உயிர். வசனம் எழுதினவருக்கு அங்கே ‘சரி’ என்றோ ‘இருப்பேன்’ என்றோ எதையும் வைக்க வழியில்லை. மூடின வாயில் தமிழில் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும்: ‘ம்’.

கிளி ‘ம்’ என்றது. காலேஜ் வாசலில் எவனோ ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டதற்குச் சொன்னது போல இருந்தது. "இன்னொண்ணு" என்றான் தம்பி. அடுத்த ‘ம்’ டாக்டர் வயிற்றை அமுக்கி "இங்க வலிக்குதா?" என்றதற்கு. அடுத்தது போனில் எவரோ அறுக்கும்போது போடுகிற ‘ம்’. பதின்மூன்று தடவை சொல்லிப் பார்த்தது. அறுபது வயதுக்காரி சொல்கிற ‘ம்’ ஒன்றுகூட வரவில்லை. ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் இருந்தவளுக்கு உச்சி முதல் பாதம் வரை குளுகுளுவென்று இருந்தது. பதினான்காவதும் போனது. கதவு திறந்து கிளியே வெளியே வந்தது. கண் கலங்கியிருந்தது.

"அம்மா, எனக்கு வரமாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"நாயகி நீதானே கண்ணு? நான் மாடிவீட்டுக் கிழவி."

சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர வருத்தப்படவில்லை. பின்னாலேயே டைரக்டர் தம்பி வந்து கைகூப்பினான். "அம்மா, அந்த ஒரு ‘ம்’ மட்டும் நீங்க போட்டுக் குடுங்க. மிச்சம் கிளி குரலே இருக்கட்டும். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதாம்! எண்பது நிமிஷக் காதலும் அவளுக்கு, அரை நொடி முனகல் இவளுக்கு. ‘முடியாது, உங்க இளசையே வெச்சு ஒப்பேத்திக்குங்க’ என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. போட மாட்டேன் என்றால் படம் அந்த இடத்தில் சப்பென்று விழும். விழட்டுமே. கிளி மாட்டிக்கொள்ளட்டுமே. ஆனால் தன்னால் முடியும் என்று காட்டாமல் வீட்டுக்குப் போனால் ராத்திரி தூக்கம் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். வளையலைக் கழற்றிக் கிளியின் கையிலேயே கொடுத்தாள், அது குலுங்கினால் மைக்கில் விழும் என்பதற்காக. "பத்திரமா வெச்சுக்கோ" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விளக்கு அணைந்தது. திரையில் ரொட்டிக்கடை. நெற்றியில் மாவு ஒட்டியிருக்க அந்த நாயகி நின்றாள். ஹெட்ஃபோனில் பெரியவரின் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டது:

"மிச்ச நாளெல்லாம் என்கூட இருப்பியா?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறந்துபோனதென்று தம்பி நினைத்தான். "பரவாயில்லம்மா, இன்னொரு டேக்." மறுபடி ஓட்டினார்கள். மறுபடி அந்தக் கேள்வி. மறுபடி இவள் ‘ம்’ கூட வராமல் நின்றாள். முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு டேக்கை இப்படி விட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளுக்கு என்ன ஆனது என்றால், அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. எத்தனையோ படத்தில் எத்தனையோ ஆண்குரல்கள் கேட்டிருக்கின்றன. அது வேலை, அப்போது அவளுக்கு அதை நினைத்துப் பார்க்கிற வயதும் இல்லை. அவள் கல்யாணத்தில் பெரியவர்கள் நான்கு பேர் வந்து அப்பாவிடம் கேட்டார்கள், அப்பா சரி என்றார், தேதி குறித்தார்கள். அவள் அடுத்த அறையில் இருந்தாள். ஐம்பத்தொன்பது வயதில் இருட்டில் நின்றுகொண்டு, காதுக்குள் ஒரு மனுஷர் இவ்வளவு மெதுவாகக் கேட்டபோது, கிளி மீது இருந்த எரிச்சல் எல்லாம் அப்படியே இடம் மாறித் திரையில் இருந்தவள் மேல் பாய்ந்தது. மாவுக் கையும் நரைத்த தலையுமாக நிற்கிற உன்னிடம் வந்து கேட்கிறானே, உனக்கு என்ன குடுத்து வைத்த பிறவியடி!

மூன்றாவது தடவை சொன்னாள். ‘ம்.’

அதில் கொஞ்சம் கோபம் இருந்தது. ‘இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?’ என்பது இருந்தது. அதற்கடியில் சம்மதமும் இருந்தது. ஒலிப்பதிவாளர் "ஓகே" என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளி வளையலைத் திருப்பிக் கொடுக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எப்படிம்மா?" என்றது. "வயசானா உனக்கும் வரும், போ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் பால்கனியில் விழுந்திருந்தது. கணவர் தரையில் செய்தித்தாளை விரித்து மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். ரிட்டயரானதிலிருந்து மாதம் ஒரு தடவை அதைப் பிரிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. பையைக்கூட வைக்காமல் எதிரே போய் நின்றாள்.

"ஏங்க, என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் எண்ணெய்க் குப்பியோடு நிமிர்ந்தார். "உங்கப்பாகிட்ட கேட்டோமே."

"எங்கப்பாவையா கட்டிக்கிட்டீங்க?"

மனுஷர் யோசித்தார். திருகாணியை விரலில் உருட்டினார். "கேட்டு, நீ மாட்டேன்னுட்டா?" என்றார்.

"மாட்டேன்னு ஏன் சொல்லப்போறேன்?"

"சினிமால பேசுற பொண்ணு. நான் பஸ் ஓட்டுறவன். என்னத்த கண்டு சரின்னு சொல்லுவே? பயமா இருந்துச்சு. அதான் பெரியவங்கள அனுப்பினேன்."

"அனுப்பினீங்களா? அவங்களா வந்தாங்கன்னுல்ல நெனச்சேன்."

"நான்தான் அனுப்பினேன். உன் குரல் வந்த படத்த மூணு தடவ பாத்தேன். பேசினது யாருன்னு விசாரிச்சு, நம்ம டிப்போல ஒருத்தருக்கு உங்கப்பாவத் தெரிஞ்சு…" அவர் காது சிவந்துவிட்டது. அறுபத்திநான்கு வயதுக் காது.

இதற்கு இவள் என்ன செய்திருக்க வேண்டும்? உருகியிருக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. "அந்தப் படத்துல நடிச்சவ மூஞ்சிக்காகப் போயிருப்பீங்க" என்றாள் வெடுக்கென்று. "நல்ல செக்கச்செவேல்னு இருப்பா அவ."

"நாலாவது தடவ போனப்ப டிக்கெட் கெடைக்கல. தியேட்டர் பக்கவாட்டுல ஒரு சந்து. சுவரோரமா நின்னா சத்தம் மட்டும் கேக்கும். முழுப் படத்தையும் அங்க நின்னே கேட்டுட்டு வந்தேன். அங்க யாரு மூஞ்சி தெரியும்?"

அவள் பையைக் கீழே வைத்தாள். அவருக்கு எதிரே, செய்தித்தாள் ஓரமாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"முப்பத்தாறு வருஷமா இத ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

இனி யார் மேல் பொறாமைப்பட? ஆனால் அந்தப் பாழாய்ப்போன மனசு அப்போதும் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டது. சந்தில் ஒருவன் சுவரில் காதை வைத்துக் கேட்கும்படி அன்றைக்குப் பேசினாளே, அந்த இருபத்திரண்டு வயதுக்காரி. அவள் மேல் வந்த பொறாமை கிளி மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"அந்தக் குரல்தான் போயிடுச்சேங்க" என்றாள்.

அவர் மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க போச்சு? தெனம் என்னைத் திட்டுறது யாராம்?"